தேயிலைக்கு ஆகாத வாசனை பிள்ளைக்கு ஆகுமா?

தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களான பிள்ளைக் காம்பராக்களை நடத்தும் தோட்ட முகாமையாளர்களுக்கும், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் அதிகாரிகளுக்கும், சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியோரே,

தேயிலைத் தொழிற்சாலைக்குள் சென்ட் பூசிக்கொண்டு ஆள் வருவதை எந்த முகாமையாளரும் விரும்பமாட்டார். காய்ந்த தேயிலை பக்கத்தில் இருக்கும் மணத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். மல்லிகைத் தேநீர் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே இந்தக் குணத்தால்தான். தேநீரைச் சுவைத்துத் தரம் பிரிப்பவர் வாசனைத் திரவியத்தைக் கிட்டவே சேர்ப்பதில்லை. பக்டரிக்குக் காட்டும் இந்தக் கவனம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பிள்ளைக் காம்பராவுக்கு வருவதில்லை. வாசனைப் பொடியில் துவைத்து வாசனைத் திரவத்தில் முக்கியெடுத்த விரிப்பு, பைன் மணம் அடிக்கும் திராவகத்தால் துடைத்த தரை, கழுத்தில் பவுடரும் தலையில் பேபி கொலோனுமாக வந்து சேரும் பிள்ளைகள். குளிருக்குப் பயந்து சாத்திய ஜன்னல். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வரும்வரை அந்தக் காற்றைத்தான் அவர்கள் சுவாசிக்கிறார்கள்.

உங்களிடம் கேட்பவை இரண்டு. பிள்ளைக் காம்பராவில் வாசனை சேர்த்த சலவை, துப்புரவு, உடற்பராமரிப்புப் பொருள்களை நிறுத்துங்கள். துணி உலர்வதற்கு ஓர் இடம் கட்டிக்கொடுங்கள். முதலாவதற்குச் செலவில்லை, மிச்சம்தான். இரண்டாவது இல்லாமல் முதலாவது நிலைக்காது. ஏன் என்பதைக் கீழே விளக்குகிறோம்.

வாசனை என்பது ஒரு பொருளின் பெயரல்ல. பொதியின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் பல பத்து இரசாயனங்கள் அடங்கியிருக்கலாம், சில கலவைகளில் நூற்றுக்கும் மேல். வாசனைத் தொழில்துறை தானே வெளியிட்டிருக்கும் மூலப்பொருள் பட்டியலில் 3,000க்கும் அதிகமானவை உள்ளன. லினலூல், லிமோனீன், ஜெரானியோல், சிட்ரல், கூமரின் போன்றவை மணத்தைத் தருபவை. டைஎத்தில் தலேட் போன்றவை அந்த மணத்தைக் கரைத்து வைத்து மெதுவாக வெளிவிடுபவை. கலக்ஸோலைட் போன்ற செயற்கைக் கஸ்தூரிகள் கடைசிவரை அடிமணமாக நிற்பவை. கம்பனி இரகசியம் என்ற பெயரில் இவை எல்லாம் ஒரே சொல்லுக்குள் போய்விடுகின்றன.

சலவைப் பொருளில் இருக்கும் வாசனைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சவர்க்காரம் அழுக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு போய்விடுவதற்காகச் செய்யப்பட்டது. வாசனையோ போகாமல் துணியிலேயே தங்குவதற்காகச் செய்யப்பட்டது. கடைசி அலசலில் ஊற்றும் மென்மையாக்கித் திரவத்தில் நேர்மின் ஏற்றமுள்ள கொழுப்புச் சேர்வை இருக்கும். ஈரப் பருத்தி எதிர்மின் ஏற்றம் கொண்டது. இரண்டும் ஒட்டிக்கொள்ள, நூலின் மேல் ஒரு மெல்லிய கொழுப்புப் படை உண்டாகி வாசனை அதற்குள் தங்குகிறது. சில தயாரிப்புகளில் வாசனையைக் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் குமிழ்களில் அடைத்திருப்பார்கள். துணி உராயும்போதெல்லாம் குமிழ் உடைந்து மணம் வெளிவரும். “பல நாள் நீடிக்கும் நறுமணம்” என்று விளம்பரம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். விரிப்பில் புரளும் குழந்தை நாள் முழுக்க அந்தக் குமிழ்களை உடைத்துக்கொண்டே இருக்கிறது, விரிப்பின் நுனியை வாயில் வைத்துச் சப்பவும் செய்கிறது.

அந்தக் கொழுப்புப் படையால் வேறு இரண்டு கெடுதிகளும் உண்டு. நப்கினும் துவாயும் நீரை உறிஞ்சும் திறன் குறையும், ஆக மூத்திர ஈரம் துணிக்குள் போகாமல் தோலோடு நிற்கும். இரண்டாவது, பிளனல் மாதிரிப் பஞ்சு எழும்பிய துணி அந்தப் படை ஏறினால் இன்னும் எளிதில் தீப்பிடிக்கும். வெளிநாடுகளில் குழந்தைகளின் இரவு உடுப்புக்கு மென்மையாக்கி பாவிக்க வேண்டாம் என்று எச்சரிப்பது இதனால்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அறையில் விறகடுப்புப் பக்கத்தில் பிள்ளையைப் படுக்கவைக்கும் நம் ஊருக்கு அந்த எச்சரிக்கை இன்னும் பொருந்தும்.

தோலுக்கு வருவோம். இங்கே இரண்டு விதமான பாதிப்புகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று எரிச்சல்: அலசாமல் மிஞ்சிய சோப்புக் காரம், கரையாத பொடி மணிகள், கொலோனில் இருக்கும் அற்ககோல் ஆகியவற்றால் யாருக்கும் வரலாம், சில மணி நேரத்திலேயே தெரியும். மற்றது ஒவ்வாமை. உடல் ஓர் இரசாயனத்தை எதிரியென்று பழகிக்கொள்வதால் வருவது. பட்ட அன்று வராது, 1 முதல் 3 நாள் கழித்தே சிவந்து அரிக்கும். திங்கட்கிழமை பூசியதற்குப் புதன்கிழமை தடித்தால் செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட முட்டையின் மீது பழி போடுவது இதனால்தான். ஒருமுறை பழகிவிட்ட உடல் அதைப் பெரும்பாலும் ஆயுள் முழுக்க மறக்காது. ஐரோப்பாவில் பொதுமக்களில் 100 பேரில் 1 முதல் 3 பேருக்கு வாசனைப் பொருள்களால் தொடுகை ஒவ்வாமை இருப்பதாக அங்குள்ள விஞ்ஞானக் குழு 2012இல் மதிப்பிட்டது. சிறு எண்ணாகத் தோன்றலாம். ஆனால் நாம் பேசுவது கிரந்தி, கரப்பான் என்று சொல்லப்படும் அரிப்புத் தோல் உள்ள பிள்ளைகளையும் சேர்த்து. அந்தத் தோலில் காவல் சுவர் ஏற்கெனவே வெடித்திருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட குளிரில் அந்த வெடிப்பு இன்னும் கூடும்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் (இன்று உத்தியோகத்தர் என்கிறோம், லயத்தில் இன்னமும் ஆயாதான்) தடிப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் பவுடர் திரண்ட இடத்திலும் என்றால் பவுடரையும் கொலோனையும் சந்தேகியுங்கள். இடுப்புப் பட்டி, சட்டைக் கழுத்து, அக்குளின் ஓரம் என்று துணி இறுக்கி உராயும் இடங்களில் என்றால் சலவைப் பொருளை. நப்கின் பகுதியில் புடைத்த இடங்கள் சிவந்து மடிப்புகள் தப்பியிருந்தால் அது ஈர எரிச்சல். மடிப்புக்குள்ளேயே சிவந்து சுற்றிலும் சிறு பருக்கள் இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். அது வாசனையை நிறுத்தினால் தீராது, வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மார்புக்கு வரும் தொல்லை வேறு வழியில் வருகிறது. ஈளை (ஆஸ்துமா) உள்ள பலருக்கு வாசனைத் திரவியமும் அறைத் தெளிப்பானும் இழுப்பைத் தூண்டும். கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் ஒடுக்கம், கொஞ்சம் வீங்கினாலும் பாதி அடைபடும். எடைக்கு எடை பார்த்தால் வளர்ந்தவரைவிட அதிகக் காற்றை அது உள்ளே இழுக்கிறது. போதாததற்கு எலுமிச்சை, பைன் மணங்களில் இருக்கும் லிமோனீன் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து போர்மல்டிஹைட்டையும் நுண்துகள்களையும் உண்டாக்கும். ஜன்னல் சாத்திய அறையில் அது வெளியேற வழியில்லை. ஏற்கெனவே அடுப்புப் புகையோடும் கொசுவர்த்திப் புகையோடும் போராடும் நெஞ்சுக்கு இது கூடுதல் சுமை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். சலவைத்தூள் வாசனையால் புற்றுநோய் வரும், பிள்ளைப்பேறே இல்லாமல் போகும் என்று வட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை நாங்கள் வழிமொழியவில்லை. தலேட்டுகளும் செயற்கைக் கஸ்தூரிகளும் ஹோர்மோன் வேலையில் தலையிடுமா என்பது ஆராய்ச்சியில் இருக்கும் விடயம். அவை எல்லாம் ஒரே தரத்து ஆபத்துடையவையும் அல்ல. ஆனால் தோல் ஒவ்வாமையும் ஈளைத் தூண்டலும் அப்படியல்ல. அவை தோல் வைத்தியரும் நெஞ்சு வைத்தியரும் அன்றாடம் காண்பவை. இந்த மடலின் கோரிக்கைக்கு அவையே போதும்.

“அப்படியென்றால் இயற்கை வாசனை பாவிக்கலாமே” என்பது அடுத்து வரும் கேள்வி. சிட்ரொனெல்லா என்ற புல் எண்ணெயில் ஜெரானியோல் இருக்கிறது. கறுவா இலை எண்ணெய் பெரும்பாலும் யூஜெனோல். இரண்டும் ஐரோப்பாவின் ஒவ்வாமைப் பட்டியலில் உள்ளவை. லினலூலும் லிமோனீனும் பூவிலும் பழத்தோலிலும் இருப்பவைதான். புதிதாக இருக்கையில் பெரிதாகக் கெடுதி செய்யாது, காற்றுப்பட்டுப் பழசானால்தான் ஒவ்வாமையைத் தூண்டும் பொருளாக மாறும். வாய் திறந்து கிடக்கும் பொதி ஆறு மாதத்தில் வேறு பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூக்கலிப்டஸ் தைலமும் கற்பூரமும் 2 வயதுக்குட்பட்ட பிள்ளையின் மூக்குப் பக்கமே போகக்கூடாது, வாய்க்குள் போனால் வலிப்பு வரலாம். சாம்பிராணி பிடிப்பதை நிறுத்தச் சொன்னால் பாட்டிமார் கோபிப்பார்கள் என்று தெரியும். ஆனாலும் புகை புகைதான். வீட்டில் செய்தால் அவர்கள் பாடு, பிள்ளைக் காம்பராவில் வேண்டாம்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் வாசனையை விடமுடிவதில்லை? அம்மாமார் பொல்லாதவர்கள் அல்ல. மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் வெயில் தலைகாட்டாது. பதுளை, அப்புத்தளைப் பக்கம் மழை வருட முடிவில். துணியை இஸ்தோப்பிலோ (முன் திண்ணையிலோ) அடுப்புக்கு மேலோ போடுகிறார்கள். ஒன்று புளித்த ஈரவாடை அடிக்கும், இல்லையென்றால் புகைவாடை. பிள்ளையை வெளியே கொண்டுபோனால் “லயத்துப் பிள்ளை” என்று யாராவது மூக்கைச் சுளிப்பார்களோ என்ற கூச்சம் அவர்களுக்கு இருக்கிறது. அந்தக் கூச்சத்தைத்தான் வாசனைக் கம்பனி போத்தலில் அடைத்து விற்கிறது. வீட்டில் புகைபோக்கி இல்லாததையும் துணி உலர்த்த இடம் இல்லாததையும் 20 மில்லிலீற்றர் திரவத்தால் மூடி மறைக்கிறோம்.

அந்த ஈரவாடைக்குக் காரணம் தெரிந்ததே. மொரக்ஸெல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற பக்டீரியா வியர்வையையும் தோல் கொழுப்பையும் தின்று நாற்றமுள்ள ஓர் அமிலத்தை வெளிவிடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். அது உலர்ந்தாலும் எளிதில் சாகாது. மறுபடி ஈரம் பட்டதும் பெருகத் தொடங்கும். காய்ந்தபோது வாடையில்லாத துவாய் துடைத்தவுடன் நாறுவது இதனால்தான். வாசனை அதைக் கொல்லாது. மென்மையாக்கியின் கொழுப்புப் படை அழுக்கைப் பிடித்துவைத்து அதற்குத் தீனியாகிறது. கொதிநீரும் விரைவான உலர்தலுமே அதற்கு மருந்து.

ஆகவே துவைக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். பிள்ளைக் காம்பராச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

நம் பீலித் தண்ணீர் மலைப்பாறையில் ஊறி வருவது. உலர்வலயக் கிணற்று நீர் மாதிரிக் கடினமானதல்ல, மென்னீர். மென்னீரில் சவர்க்காரம் நன்றாக நுரைக்கும், குறைவாகவே வேண்டும், ஆனால் வழுவழுப்புப் போக நேரமெடுக்கும். 1 கிலோ உலர் துணிக்கு 10 லீற்றர் தண்ணீரும், மட்டமாக வழித்த 2 மேசைக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 20 கிராம், வாசனையற்ற தூளும் போதும். தூளைத் துணிமேல் தூவாதீர்கள். குளிர் நீரில் அது கரையாமல் தையல் மடிப்பில் மணிமணியாக நிற்கும், பிள்ளையின் இடுப்பில் புண்ணாவது அங்கேதான். முதலில் 1 லீற்றர் வெந்நீரில் முழுதாகக் கரைத்து, பிறகு வாளியில் ஊற்றுங்கள். அரை மணி நேரம் ஊறட்டும். வாசனையற்ற தூள் கடையில் கிடைக்காவிட்டால் வாசனை குறைந்த சாதாரணச் சவர்க்காரக் கட்டியைச் சீவிக் கரைத்துப் பாவிக்கலாம். மென்னீரில் கட்டிச் சவர்க்காரம் நன்றாகவே வேலை செய்யும்.

அலசுவதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. தண்ணீரைக் கூட்டுவதைவிட ஒவ்வொரு முறையும் பிழிவது முக்கியம். கணக்குப் பாருங்கள். நன்றாகப் பிழிந்த 1 கிலோ துணியில் ஏறத்தாழ 1 லீற்றர் சோப்புத் தண்ணீர் மிஞ்சும். அதை 10 லீற்றரில் அலசிப் பிழிந்தால் 11இல் 1 பங்கு சோப்பு நிற்கும், மூன்று முறை அப்படிச் செய்தால் 1,331இல் 1 பங்கு. பிழியாமல் சொட்டச் சொட்ட 3 லீற்றரோடு அதே 10 லீற்றரில் மூன்று முறை அலசினால் 81இல் 1 பங்கு நிற்கும். தண்ணீர் ஒன்றே, மிஞ்சும் பங்கு 16 மடங்கு. துணி விறைப்பாக இருக்கிறது என்றால் கடைசி அலசலில் 10 லீற்றருக்கு 100 மில்லிலீற்றர் வினாகிரி சேருங்கள். மிஞ்சிய காரத்தை அது முறிக்கும், உலர்ந்ததும் வினாகிரி மணம் போய்விடும். மென்மையாக்கி வேண்டியதில்லை. நப்கினையும் பருத்தி விரிப்பையும் கிழமைக்கு ஒருமுறை 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

வினாகிரி ஊற்றும் வாளியில் குளோரின் வெளுப்பான் ஒரு சொட்டும் இருக்கக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும். மூத்திரம் ஊறிய நப்கினை நேரே வெளுப்பானில் போடுவதும் ஆபத்து. மூத்திரத்திலிருந்து வரும் அமோனியாவோடு சேர்ந்து குளோரமைன் உண்டாகிக் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். முதலில் வெறுந்தண்ணீரில் அலசிவிடுங்கள். தரைக்கும் வாசனைத் திராவகம் தேவையில்லை. அன்றாடம் சோப்புத் தண்ணீர், பிறகு வெறுந்தண்ணீர். வாந்தி, வயிற்றோட்டம் பட்ட இடத்துக்கு மட்டும் 5 வீத வெளுப்பானில் 20 மில்லிலீற்றரை எடுத்து 1 லீற்றர் ஆகும்வரை தண்ணீர் சேர்த்து, அழுக்கைத் துடைத்தெடுத்த பிறகு ஊற்றி 10 நிமிடம் விட்டு, தண்ணீரால் துடைக்க வேண்டும். கரைசலை அன்றன்று கலக்குங்கள், நேற்றையது பலமிழந்திருக்கும்.

ஏற்கெனவே வாசனை ஏறிய விரிப்பும் நன்கொடையாக வந்த உடுப்பும் ஒரு கழுவலில் மாறாது. 10 லீற்றர் வெந்நீரில் வோஷிங் சோடா 30 கிராம் கரைத்து இரவு முழுக்க ஊறவிட்டு, மேலே சொன்னபடி துவைத்துக் காற்றில் உலர்த்துங்கள். இரண்டு மூன்று முறை செய்யவேண்டி வரலாம். கம்பளிக்கு இது ஆகாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வாசனை போய்விட்டதா என்று சோதிக்க, உலர்ந்த துணியை ஓர் இரவு பையில் கட்டிவைத்துக் காலையில் முகரவேண்டும். முகர்பவர் வாசனைப் பொருள் பாவிக்காதவராக இருக்கட்டும். பாவிப்பவரின் மூக்கு அதற்குப் பழகிப் போயிருக்கும்.

இனி உலர்த்தும் இடம். 18 பிள்ளைகள், ஆளுக்கு நாளைக்கு 2 துணி என்றால் 36 துணிகள். 15 அடி நீளம், 8 அடி அகலத்தில் ஒரு கொட்டகை. ஓரடி இடைவெளியில் 7 கொடிகள் கட்டினால் 105 அடி கிடைக்கும். இரண்டரை அடி அகலத் துணி கொடிக்கு 6 வீதம் 42 போடலாம். மேலே ஒளி ஊடுருவும் தகடு. மழைச்சாரல் வரும் பக்கம் மட்டும் மறைப்பு, மற்ற மூன்று பக்கமும் திறந்திருக்க வேண்டும். நான்கு பக்கமும் மூடினால் ஈரம் உள்ளேயே சுற்றும், கட்டியும் பயனில்லை. அடுப்பு, புகைக்கூடு, தொழுவம் இருக்கும் பக்கம் வேண்டாம். தோட்டத்துத் தச்சரும் இரண்டு ஆட்களும் செய்யக்கூடிய வேலை இது. கொழுந்தை வாட்டுவதற்குக் காற்றை எவ்வளவு, எந்த வேகத்தில் விடவேண்டும் என்று தெரிந்த தொழிற்சாலைக்குப் பிள்ளையின் துணிக்கு எப்படிக் காற்று விடுவது என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

தாய்மாருக்கு அறிவிப்பு எழுதும்போது தடை என்ற சொல்லோடு தொடங்காதீர்கள். பேபி கொலோனும் பவுடரும் பாசத்தின் அடையாளமாக நம் நாட்டில் பதிந்துவிட்டவை. பிள்ளை பார்க்கப் போனாலே அந்தப் பெட்டியைத்தான் கையில் கொண்டுபோகிறோம். தூவும்போது எழும் பவுடர் குழந்தையின் நெஞ்சுக்குள் போகும் என்பதையும், மடிப்பில் ஈரத்தோடு திரண்டு உரசும் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். குளித்த பின் மடிப்புகளை ஒற்றி உலர்த்தினாலே போதும். தோல் வறண்டால் தேங்காயெண்ணெய் அல்லது வாசனையற்ற வெள்ளை மென் பரபின் (பெற்றோலியம் ஜெலி). பரபின் பூசிய துணியும் எளிதில் தீப்பற்றும், அடுப்பண்டை வேண்டாம். புகைவாடைக்காகப் பிள்ளையை எந்த உத்தியோகத்தரும் குறைசொல்லக்கூடாது என்ற ஒரு வரியை உங்கள் சுற்றறிக்கையில் சேருங்கள். அந்த ஒரு வரி எங்கள் விளக்கம் முழுவதையும்விட அதிகப் போத்தல்களைக் குறைக்கும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பொருள்களின் சுட்டுத்துண்டு பற்றி உற்பத்தியாளருக்கும் வர்த்தகருக்கும் பணிப்புரை வழங்கும் அதிகாரத்தை உங்களுக்குத் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2003லேயே 26 வாசனை ஒவ்வாமைப் பொருள்களைப் பெயர் சொல்லி அச்சிடவேண்டும் என்று விதித்தது. பூசியபடியே விடும் பொருளில் 0.001 வீதத்துக்கு மேலும், கழுவி விடும் பொருளில் 0.01 வீதத்துக்கு மேலும் இருந்தால் எழுதியே ஆகவேண்டும். 2023இல் அந்தப் பட்டியல் 80க்கு மேல் விரிந்தது, புதிய தயாரிப்புகளுக்கு 2026 ஜூலை 31 முதல் அது பொருந்தும். லிலியல் என்ற பூ வாசனையை, இனப்பெருக்கத்துக்குக் கேடானது என்று வகைப்படுத்தி, 2022 மார்ச் 1 முதல் அழகுசாதனப் பொருள்களில் அங்கே தடுத்துவிட்டார்கள். சுட்டுத்துண்டில் அதன் பெயர் பியூட்டைல்ஃபீனைல் மெத்தில்புரோபியோனல் என்று இருக்கும், கொள்வனவு செய்பவர்கள் கவனியுங்கள். அதே பட்டியலை மூன்று மொழிகளிலும், சிறு பொதிகளிலும் வாசிக்கக்கூடிய எழுத்தில் இங்கும் கட்டாயமாக்குங்கள். “மணமற்றது” என்ற சொல்லுக்கும் வரைவிலக்கணம் வேண்டும். மூலப்பொருளின் வாடையை இன்னொரு வாசனையால் மறைத்துவிட்டு மணமற்றது என்று விற்பவர்களும் உண்டு. பிள்ளைக்கு வேண்டியது வாசனை சேர்க்காதது. இரண்டும் ஒன்றல்ல.

முகாமையாளர்களே, எங்கள் பேச்சை நம்பி ஆண்டு முழுவதற்கும் மாற்ற வேண்டாம். நான்கு கிழமை சோதித்துப் பாருங்கள். ஆனால் ஒரே நிலையத்தில் முன்னும் பின்னும் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள், மழை மாறினால் இருமலும் மாறும். ஒரே தோட்டத்தில் மேற்பிரிவில் வாசனையை நிறுத்தி, கீழ்ப்பிரிவை இருந்தபடியே விட்டு, அதே நான்கு கிழமைகளில் இரண்டிலும் ஒரே மாதிரிப் பதிவேடு வையுங்கள். திகதி, பிள்ளை, இருமல் அல்லது இழுப்பு, தடிப்பு உடலில் எங்கே, அன்று துணி எங்கே உலர்ந்தது என்று ஐந்து நிரல்கள் போதும். முதல் கிழமையில் மாற்றம் தெரியாவிட்டால் கைவிடாதீர்கள். துணியில் தங்கிய வாசனை போகவும் வெந்த தோல் ஆறவும் அவ்வளவு நாள் பிடிக்கும். நான்கு கிழமைக்குப் பிறகு கீழ்ப்பிரிவிலும் நிறுத்துங்கள். முடிந்தபின் பதிவேட்டைத் தோட்ட வைத்திய உதவியாளரிடமும் குடும்ப நல உத்தியோகத்தரிடமும் காட்டுங்கள். மே மாத மழை தொடங்குமுன் கொட்டகைக்குக் கால் ஊன்றியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மலையகத்தில் தாய்சேய் நலத்திலும் தோல் நலத்திலும் பணிபுரியும் சிலர்